ஸ்விஃப்ட் முன் பிரேக் டிஸ்க், பேட்: எதைப் போடலாம்?

வண்டி 2015 ஸ்விஃப்ட் டீசல், 80,000 கி.மீ. தாண்டியாச்சு. அறுபதுக்கு மேல போய் பிரேக் அடிச்சா ஸ்டியரிங் கையில உதறுது, பெடலும் துள்ளுது. பிரேக்கைத் தொடாம ஓட்டினா ஒண்ணுமே தெரியாது.

தீபாவளிக்கு அப்புறம் முன் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) மாத்தினேன், உதறல் போகல. வீல் பேலன்ஸிங், அலைன்மென்ட் எல்லாம் பாத்தாச்சு. பேடைப் பிடிச்சிருக்கிற காலிப்பரோட பின்னைக் கழட்டி கிரீஸ் வச்சாங்க. டிஸ்க்கை லேத்துல கடைஞ்சதும் கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, திரும்ப அதே கதை. இப்ப டிஸ்க் விளிம்புல நகம் மாட்டுற அளவுக்கு வரப்பு நிக்குது. அதுல பொறிச்சிருக்கிற மினிமம் தடிமனுக்கே வந்துடுச்சு, இனி கடைய வழியில்ல.

ஓட்டம் முழுக்க திருவொற்றியூர், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைதான். ஹார்பர் கன்டெய்னர் டிரெய்லருங்க நடுவுல எப்பவும் பிரேக் மேலயே கால். (கடல் காத்துல ராத்திரியோட ராத்திரியா டிஸ்க்ல துரு பூக்கும்; அது முதல் ரெண்டு பிரேக்குல போயிடுது, அது பிரச்சினை இல்ல.)

புதுப்பேட்டைல செகண்ட்ஸ் டிஸ்க் எடுக்கச் சொல்றார் மெக்கானிக். பிரேக் சாமான்ல அதுக்கு எனக்கு மனசு வரல. ரெண்டு பக்கமும் புது டிஸ்க்தான், முடிவு பண்ணிட்டேன்.

இப்படி நின்னு நின்னு போற ஓட்டத்துக்கு, புது டிஸ்க்கோட கம்பெனி பேடே போடறதா, இல்ல பாஷ், டிவிஎஸ் கர்லிங் மாதிரி வெளி பேட் போட்டவங்க யாருக்காவது நல்லா உழைச்சிருக்கா?