நாகர் கற்களின் மேல் நிழல் தரும் அரசமரத்துக்குக் கணக்கில் என்ன மதிப்பு?

பீடோங் வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மலேசியாவின் கெடா மாநிலம் பீடோங் வட்டாரத்தில், பால்மர (ரப்பர்)க் காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் எழுப்பிய சிறிய அம்மன் கோயில். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, பெரும்பாலோர் சுங்கைப்பட்டாணிக்குக் குடிபெயர்ந்த பின்னும் கோயில் அதே இடத்தில் நிற்கிறது. அதன் ஈசான மூலையில், அரசும் வேம்பும் பின்னி வளர்ந்த மேடையில், ஏழு நாகர் கற்கள் உள்ளன. அவற்றில் இரண்டை அரசின் வேர் பாதிவரை விழுங்கிவிட்டது. படமெடுத்த தலைகள் மட்டும் பட்டைக்கு வெளியே தெரிகின்றன. வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூச வரும் பெண்கள் கல்லுக்கும் பட்டைக்கும் சேர்த்தே பூசிவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த கும்பாபிஷேகத்துக்காக மாமல்லபுரத்தில் கருங்கல் துர்க்கை சிலை ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம். அதற்கான மண்டபம் மரம் நிற்கும் இடத்தில் வருகிறது. செலவுத் திட்டத்தில் சிலைக்கு ஒரு தொகை, கப்பல் கூலிக்கு ஒரு தொகை, 'மரம் அகற்றுதல்' என்று ஒரு தொகை. நாகர் கற்களைப் பெயர்த்துப் புதிய மேடையில் வைக்கவும் தொகை உண்டு. மரத்தின் பெயர் அந்தத் தாளில் வருவது அதை வெட்டும் கூலிக்காக மட்டுமே. கூட்டத்தில் நான் எழுந்து கேட்டபோது, "மரத்துக்கு என்ன விலை போடச் சொல்கிறீர்கள்?" என்று நிர்வாகத்தில் ஒருவர் திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே இங்கே இரண்டு கேள்விகள். சிற்ப மரபு, சிலையையும் அது இருக்கும் மரத்தையும் நீரையும் வெவ்வேறாகப் பார்க்கிறதா? இயற்கைக்குப் பண மதிப்புக் கணக்கிடும் பொருளாதாரம் இப்படிப்பட்ட இடத்தில் துணை செய்யுமா, அல்லது விலை சொன்ன மறுகணமே மரம் விற்பனைப் பொருளாகிவிடுமா?

கல்லும் உளியும் எழுதியது:

ஐயா, முதல் கேள்விக்கு என்னால் இயன்ற வரை சொல்கிறேன். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத்சம்ஹிதையில், தெய்வ உருவம் செய்வதற்கான மரத்தைத் தேடிக் காட்டுக்குள் செல்வது பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. பறவைக் கூடுள்ள மரம், கோயிலை ஒட்டிய மரம், புற்றருகே வளர்ந்த மரம் ஆகியவற்றை வெட்டலாகாது என்று அது விலக்குகிறது. தகுந்த மரம் கிடைத்த பிறகும், அதில் குடியிருக்கும் உயிர்கள் படையலை ஏற்று வேறிடம் செல்லவேண்டும் என்று இரவில் வேண்டிக்கொண்ட பின்னரே கோடரி வைக்கவேண்டும். நீர்நிலையும் சோலையும் ஆறும் அருவியும் உள்ள இடங்களிலேயே தெய்வங்கள் மகிழ்ந்து உறைகின்றன என்றும் அதே நூல் கூறுகிறது. சிலை செய்வதற்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், ஏற்கெனவே சிலைகளைத் தாங்கி நிற்கும் மரத்தைக் கூலி கொடுத்து அகற்றுவதை அந்த மரபின் பெயரால் நியாயப்படுத்த இயலாது.

சமண மரபு இதை இன்னும் வெளிப்படையாகக் கல்லிலேயே காட்டுகிறது. தீர்த்தங்கரர் எனப்படும் சமண அருளாளர்களின் தமிழ்நாட்டுச் சிற்பங்களில், மூன்றடுக்குக் குடையான முக்குடைக்கு மேலே அசோக மரத்தின் கிளைகள் தழைத்திருக்கும். அவர்களில் ஒருவரான பார்சுவநாதரின் தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்கும். சிரவணபெளகொளாவில், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், கங்கர்களின் அமைச்சர் சாமுண்டராயர் எடுப்பித்த 57 அடி பாகுபலியின் கால்களையும் கைகளையும் கொடிகள் சுற்றிப் படர்ந்திருக்கின்றன. காலடியில் புற்றுகளிலிருந்து பாம்புகள் தலை நீட்டுகின்றன. அசையாமல் நின்ற துறவியை உயிர்கள் தம் இருப்பிடமாக ஏற்றுக்கொண்டதைத்தான் சிற்பி வடித்திருக்கிறார். உங்கள் அரசமரம் நாகரை விழுங்கிய செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கொடிகள்தாம் நினைவுக்கு வந்தன.

சுவாமிமலைச் செய்தி ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அங்கே பஞ்சலோக விக்கிரகத்துக்கு முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வார்கள். அதன்மேல் பூசும் முதல் மண் காவிரியின் வண்டல். அது மிக நுண்ணியது என்பதால், மெழுகில் கீறிய நகக்கண்ணும் ஆடை மடிப்பும் அப்படியே அச்சில் பதியும். அந்த வண்டலைக் கொண்டுவந்து சேர்ப்பது வெள்ளம். மெழுகைச் சேர்ப்பவை தேனீக்கள். குங்கிலியம் மரத்தின் பிசின். விக்கிரகத்தின் விலையில் உலோகமும் கூலியும் இருக்கும். ஆற்றுக்கும் தேனீக்கும் காட்டுக்கும் அதில் பங்கு எழுதப்படுவதில்லை. உங்கள் நிர்வாகம் செய்திருப்பதும் இதே கணக்குதான்.

சுங்கைப்பட்டாணி ஆசிரியர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் தாயாரின் வேலையிலிருந்து தொடங்குகிறேன். 1970களில் அவர் செம்பனைத் தோட்டத்தில் 'பூவுக்கு மாவு அடிக்கும்' வேலை செய்தார். ஆண் பூவின் மகரந்தத்தை முகத்தூளோடு கலந்து, குழாய் பொருத்திய புட்டியில் நிரப்பி, மரம் மரமாகச் சென்று பெண் பூக்குலைக்குள் ஊதவேண்டும். முள் கிழித்த தழும்பு அவருடைய முன்னங்கையில் கடைசிவரை இருந்தது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டைக் கொண்டுவந்து இங்குள்ள தோட்டங்களில் விட்டார்கள். ஆப்பிரிக்காவில் செம்பனையின் மகரந்தச் சேர்க்கையை இயல்பாகச் செய்துவந்த பூச்சி அது. விரைவிலேயே அந்த வேலை தோட்டங்களிலிருந்து மறைந்தது. வண்டு செய்யும் வேலைக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், அதற்கு முன்பு அந்தப் பெண்கள் வாங்கிய நாள்கூலியைக் கூட்டிப் பார்க்கலாம். அந்தக் கூலியும் குறைவாகவே இருந்தது என்பது எனக்குள்ள தனிப்பட்ட வருத்தம். இயற்கையின் உழைப்பையும் பெண்களின் உழைப்பையும் ஒரே அலட்சியத்தோடுதான் கணக்குப் புத்தகங்கள் நடத்திவந்திருக்கின்றன.

நம் மாநிலத்துக்கே வருவோம். ஊலு மூடா காடுகளில் பிறக்கும் நீர் மூடா, பெடு, ஆனிங் அணைகளை நிரப்புகிறது. நாட்டின் மிகப் பெரிய நெல் பாசனப் பரப்பு அதை நம்பியிருக்கிறது. பினாங்கு தன் மூல நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. காட்டை வெட்டினால் கெடாவின் கருவூலத்துக்கு உடனே வருமானம் வரும். நிற்கவிட்டால் அதன் பலன் மற்ற மாநிலங்களுக்கும் போகும். இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிசெய்யவே, காடு காக்கும் மாநிலங்களுக்கு நிதி வழங்கும் ஏற்பாடு 2019ஆம் ஆண்டின் கூட்டரசு வரவுசெலவுத் திட்டத்தில் 60 மில்லியன் ரிங்கிட்டோடு தொடங்கப்பட்டது. இங்கே யாரும் காட்டை விற்கவில்லை. காடு நிற்பதால் விளையும் நன்மையை மேசையில் எழுதி வைத்ததால்தான் பேச்சுக்கே வழி பிறந்தது.

விலை சொன்னால் மரம் விற்பனைப் பொருளாகிவிடும் என்ற உங்கள் அச்சத்தை, இயற்கைக்கு மதிப்புக் கணக்கிடும் துறையினரும் அறிவார்கள். 2007இல் ஜி8+5 நாடுகளின் சுற்றுச்சூழல் அமைச்சர்கள் தொடங்கிவைத்து, இந்தியப் பொருளியலாளர் பவன் சுக்தேவ் தலைமையில் நடந்த சூழலமைப்பு, உயிர்ப்பன்மைப் பொருளாதார ஆய்வு 2010இல் தன் தொகுப்பறிக்கையை வெளியிட்டது. ஓர் இடத்தின் மதிப்பை ஊர் முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தால், அங்கே பண மதிப்பீடு தேவையற்றது, சில வேளைகளில் கெடுதலும் செய்யும் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. அந்த ஒப்புதல் குலைந்த இடத்தில்தான் எண்ணுக்கு வேலை. உங்கள் கூட்டத்தில் அது குலைந்துவிட்டது, ஐயா. செலவுத்தாளில் மரத்துக்கு எதிரே எண் இல்லாதபோது, படிப்பவர் அதைப் பூச்சியம் என்றே எடுத்துக்கொள்கிறார். மரம் போனால் வெயில் தாங்கப் போடவேண்டிய கூரை, மழைநீர் வடியக் கட்டவேண்டிய வடிகால், மேடை மண் சரியாமல் இருக்கச் சுவர் ஆகியவற்றின் செலவைக் கட்டுமானக்காரரிடமே எழுதி வாங்குங்கள். அது மரத்தின் விலை ஆகாது. மரம் இத்தனை காலம் நமக்கு மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி.

மெர்போக் கரை எழுதியது:

ஆசிரியர் ஐயா மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் எண்ணை நம்புவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2013இல் நம் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) இடிக்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. அது தனியார் நிலத்தில் இருந்தது. மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவு செய்யப்படவில்லை. வீடமைப்புக்கு நிலம் துப்புரவாக்கப்பட்டபோது கோயிலும் போயிற்று. அந்தச் செங்கல்லின் மதிப்பை யாராவது முன்பே கணக்கிட்டிருந்தால், வீட்டு மனைகளின் விலையோடு ஒப்பிட்டு, கட்டுப்படியாகும் என்றே தீர்மானித்திருப்பார்கள். எண்ணோடு எண் மோதினால் பெரிய எண் வெல்லும்.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். ஒரே ஊரின் குன்றுகளில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் அதில் சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பமும் உண்டு. சமணத் துறவி அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும், தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த குகைத்தளமும் உண்டு. சுற்றிலும் ஏரிகளும் சுனைகளும் வல்லூறுகளும் இருக்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. அப்படியிருந்தும் 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. ஊர் மக்கள் திரண்டு நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அவர்கள் சிற்பத்துக்கு ஒரு தொகை, சுனைக்கு ஒரு தொகை என்று பிரித்துப் பேசவில்லை. மலை எங்களுடையது, அது இருக்கவேண்டும் என்றார்கள். முதலில் உங்கள் பெண்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள். மஞ்சள் பூசுபவர்கள் அவர்கள்தாமே?

பீடோங் வாசகன் எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை என் மகனோடு சென்று மேடையை அளந்தேன். மண்டபத்தைத் தெற்கே பதினோரு அடி தள்ளினால் மரத்தைத் தொடவேண்டியதில்லை. ஆனால் வாகன நிறுத்துமிடத்தில் நான்கு இடங்கள் குறையும். கற்களைப் பெயர்ப்பது பற்றி மாமல்லபுரத்து ஸ்தபதியிடம் தொலைபேசியில் கேட்டேன். வேர் பிடித்த இரண்டு கற்களையும் உடைக்காமல் எடுக்க முடியாது என்றும், பின்னமான கல்லுக்குப் பூசை கூடாது என்றும் அவர் சொன்னார். இது எங்கள் நிர்வாகத்தில் எவருக்கும் தெரியாத செய்தி.

ஆசிரியர் ஐயா சொன்ன கூரை, வடிகால், சுவர் மூன்றுக்கும் விலை கேட்டு எழுதியிருக்கிறேன். மெர்போக் கரை நண்பர் சொன்னபடி, வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் அம்மாக்களிடமும் பேசினேன். அவர்களில் மூத்தவர், எண்பதைக் கடந்தவர், நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு நாகரு மரத்துக்குள்ள இருக்கே தம்பி, அதையும் சேர்த்தா வெட்டுவாங்க?" ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்கள் பதினான்கு பேரும் வருகிறார்கள். விலைப்பட்டியலும் புதிய வரைபடமும் என் கையில் இருக்கும். ஆனால் முதலில் பேசப்போவது அவர்தான்.