புதுப்பிப்பு: பூ உதிர்ந்துகொண்டிருந்த தக்காளிச் செடி காய்த்துவிட்டது

ஐந்து வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன்: வீட்டுக்குள் தொட்டியில் தக்காளி நெடுநெடுவென வளர்கிறது, பூக்கிறது, ஆனால் பூவெல்லாம் காம்போடு உதிர்கிறதே, ஏன் என்று. உரம் போதவில்லை என்று நினைத்தேன். தப்பு. தழைச்சத்து ஏற்கெனவே அதிகம், இலைதான் கொழுத்தது.

சிக்கல் மகரந்தச் சேர்க்கையில். தக்காளிப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருந்தாலும் மகரந்தம் கொட்ட ஓர் அதிர்வு வேண்டும். வெளியே காற்றும் வண்டும் பார்க்கிற வேலை. வீட்டுக்குள் யார் பார்ப்பது? பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷை ஓடவிட்டு, நண்பகல் வாக்கில் பூக்கொத்தின் காம்பில் இரண்டு மூன்று விநாடி வைத்தேன். மஞ்சள் தூள் பொலபொலவென விழுந்தது. ஒரு வாரத்தில், வாடிய இதழுக்குள் மிளகு அளவில் பச்சைப் பிஞ்சு! இப்போது 11 காய்.

அப்புறம், செடி நெடுநெடுவென வளர்ந்ததற்கு: வெளிச்சத்துக்கு வைத்திருந்த விளக்கைச் செடிக்கு ஒரு சாண் மேலே வரும்படி இறக்கி, தினம் 14 மணி நேரம் எரியவிட்டதும் புதுக் கணுக்கள் நெருக்கமாக வருகின்றன.

ஒரு காயின் அடி மட்டும் கறுத்துவிட்டது. மண்ணைக் காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினேன். அப்படிச் செய்தால் சுண்ணாம்புச்சத்து காய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. கிள்ளிப் போட்டேன்.

செடியில் இருக்கும் வெள்ளை ஈ என்ற பூச்சி இன்னும் போகவில்லை. அதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டை தொங்குகிறது, பார்ப்போம்.