ஹாங்காங்கில் எங்கே ஏறுவது, எங்கே காசு போடுவது: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இஞ்சிடீ:
வான் சாய் டிராம் நிறுத்தம், ஆபீஸ் விடுகிற நேரம். ஒரு குடும்பம் பெட்டியோடு முன்வாசலில் முட்டுகிறது, உள்ளேயிருந்து இறங்குகிற கூட்டம் வெளியே தள்ளுகிறது. அப்பா சட்டென்று புரிந்துகொண்டு பின்பக்கம் ஓடி ஏறிவிட்டார். அம்மாவும் பையனும் நடுரோட்டுத் திட்டில். டிராம் நகர்ந்துவிட்டது. பையன் கையை நீட்டிக்கொண்டே நின்றான். அந்தக் கை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

டிங் டிங்கில், அதாவது இந்த மாடி டிராமில், ஏறுவது பின்னால், இறங்குவது முன்னால், காசு இறங்கும்போது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், மூன்று டாலர் சொச்சம். உண்டியலில் போட்டால் மீதி வராது. இப்படிப் பிரிந்துபோனால் பதற வேண்டாம். அடுத்த நிறுத்தம் கால் கிலோமீட்டர்தான். போனவர் இறங்கித் திரும்பி நடக்கட்டும், நிற்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். இரண்டு பேரும் நகர்ந்தால்தான் சிக்கல்.

மேல்தட்டு:
இஞ்சிடீ சொன்னது பாதிதான். மேல்தளத்தில் முன்சீட்டைப் பிடித்தவர்கள் மாட்டுகிற இடம் வேறு: ஹேப்பி வேலி. நேர்கோட்டில் கிழக்கே போகும் என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள், வண்டி திடீரென்று வலது பக்கம் வளைந்து குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்ற ஆரம்பிக்கும். ஒரு பெரியவர் எழுந்து நின்று கண்ணாடியைத் தட்டினார், டிரைவருக்குக் கேட்கவா போகிறது? நார்த் பாயிண்ட், ஷாவ் கீ வான் போகிறவர்கள் வண்டி நெற்றியில் உள்ள பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள். புதன்கிழமை ராத்திரி பந்தயம் இருந்தால் அந்தப் பக்கம் கூட்டம் தனி.

இன்னொன்று. மாடிப்படி குறுகல், வளைவு. கீழே முன்வாசல் வரை ஆள் நிற்கும். உங்கள் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்துவிடுங்கள்.

படிக்கட்டு:
டிராம், டிராம் என்று உருகுகிறீர்கள். கென்னடி டவுனிலிருந்து ஷாவ் கீ வான் வரை அதில் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். வேடிக்கை பார்க்கச் சரி, போய்ச்சேர எம்.டி.ஆர். என்கிற மெட்ரோ ரயில் அல்லது பஸ்.

பஸ்ஸில்தான் நிஜமான அடி. ஹென்னஸி ரோட்டில் ஒரு பெண் இரண்டு நிறுத்தம் போக ஏறினார், ஆக்டோபஸ் கட்டண அட்டையைத் தட்டினார், கருவியில் வந்த தொகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பின்னால் பத்து பேர். டிரைவர் கையை விரித்தார். ஏறியது துறைமுகத்துக்கு அடியில் எதிர்க்கரை கௌலூன் போகிற சுரங்கப்பாதை பஸ்! அங்கே கட்டணம் ஏறுகிற நிறுத்தத்தை வைத்து. எங்கே இறங்குகிறீர்கள் என்று வண்டிக்குத் தெரியாது. சுரங்கத்துக்கு முன்னால் ஏறினால் துறைமுகம் தாண்டுகிற முழுத்தொகையும் போகும். தாண்டியபின் ஏறினால் குறையும்.

எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. மூன்று இலக்கமாக இருந்து 1-இல் தொடங்கினால் பழைய சுரங்கம், 6 என்றால் கிழக்குச் சுரங்கம், 9 என்றால் மேற்கு. முன்னால் ‘ஏ’ இருந்தால் விமான நிலையம், ‘என்’ இருந்தால் ராத்திரி வண்டி. ஹாங்காங் தீவுக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் ஒன்றிரண்டு இலக்க வண்டிகளைப் பாருங்கள். விக்டோரியா சிகரத்துக்குப் போக 15-ஆம் எண். மலை ரயில் வரிசையில் நிற்கிற நேரத்தில் இது மேலேயே போய்விடும், ஸ்டப்ஸ் ரோட் வளைவுகளில் காட்சியும் கிடைக்கும்.

கூடைக்காரி:
மினிபஸ்ஸை யாரும் சொல்லவில்லையே. பச்சைக் கூரை, சிவப்புக் கூரை இரண்டும் ஒன்றல்ல. பச்சையில் தடம், கட்டணம் எல்லாம் நிலையானது, ஏறும்போது காசு. சிவப்பில் கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறும், பெரும்பாலும் இறங்கும்போது கொடுக்க வேண்டும், பலதில் ரொக்கம்தான். சில்லறை இல்லாமல் ஏறாதீர்கள். சீட் 16 அல்லது 19, நின்றுகொண்டு போக முடியாது. நிறைந்த வண்டி கையைக் காட்டினாலும் நிற்காது, கோபித்துப் பயனில்லை.

டிரைவர் தலைக்கு மேல் வேகம் காட்டுகிற எண்பலகை உண்டு. சிவப்பு எழுத்தில் 78, 79 என்று ஏறும். 80-ஐத் தாண்டினால் கத்த ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு பாட்டி காய்கறிப் பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தன் மூலை வந்ததும் கண்ணைத் திறக்காமலே ஒரு குரல் கொடுத்தார், வண்டி நின்றது. மணி இல்லாத வண்டியில் அப்படித்தான், முன்கூட்டியே சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ராத்திரி_ரயில்:
சென்ட்ரலில் ஒருவர் மேம்பாலத்தில் நின்று போனை வட்டமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். நீலப்புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது, ஆள்தான் தவறான மாடியில்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த ஊரில் வரைபடம் தட்டை, தெரு அடுக்கு. ஷாங் வான் ஷுன் டாக் சென்டரிலிருந்து படகுத்துறை வரை, அங்கிருந்து மலைச்சரிவில் ஏறுகிற மிட்-லெவல்ஸ் எஸ்கலேட்டர் வரை தரையில் கால் வைக்காமல் பாலங்களிலேயே போகலாம். நடுவில் ஆர்வத்தில் தரைக்கு இறங்கினால் எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியும், ரோட்டைத் தாண்ட வழி இருக்காது. மறுபடி ஏற வேண்டும். ஆகவே போனை விட அம்புக்குறிப் பலகையை நம்புங்கள். எம்.டி.ஆரில் நிலையப் பெயர் மட்டும் போதாது, வாசல் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசல் மாறினால் பத்து நிமிடம் கூடுதல் நடை.

எஸ்கலேட்டர் 800 மீட்டர், 135 மீட்டர் உயரம் ஏறும். காலை 10 மணி வரை கீழ்நோக்கி ஓடும், ஆபீஸ் போகிறவர்களுக்காக. அதன்பின் நள்ளிரவு வரை மேல்நோக்கி. ஒன்பது மணிக்குப் போய் நின்றால் பக்கத்துப் படிக்கட்டுதான் கதி. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலங்கள் முழுக்க அட்டை விரித்து வீட்டுவேலைப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு அன்றுதான் விடுமுறை. படம் எடுக்கிறேன் என்று முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

புயல் காலத்தில் லாம்மா, செங் சாவ் தீவுகளுக்குப் போனால் ஒன்று: 8-ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்ற இரண்டு மணி நேரம் முன்னால் வானிலை நிலையம் அறிவிக்கும். அறிவிப்பு வந்த உடனே படகைப் பிடியுங்கள். எச்சரிக்கை ஏறியபின் படகுகள் சீக்கிரமே நின்றுவிடும்.

மேல்தட்டு:
ஒரு வரிக் கதை, மூன்று பத்தி உபதேசம். உபதேசம் நன்றாக இருப்பதால் விட்டுவிடுகிறேன். ஆனால் போனை நம்பாதே என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பஸ் எப்போது வரும் என்பதை அதுதான் சரியாகச் சொல்லும்.

இஞ்சிடீ:
சென்ட்ரலுக்கும் கௌலூனுக்கும் நடுவே ஓடுகிற ஸ்டார் படகில் கீழ்த்தளம், மேல்தளம் இரண்டுக்கும் வாசல் வேறு என்பதை விட்டுவிட்டோம். கீழே கட்டணம் கொஞ்சம் குறைவு, எஞ்சின் சத்தம் அதிகம். ஆனால் கரை சேரும்போது கீழேதான் பார்க்க வேண்டும்: படகுக்காரர் கயிற்றை வீச, துறையில் இருப்பவர் நீண்ட கொக்கிக்கம்பால் அதை இழுத்து முளையில் மாட்டுவார், பிறகுதான் பலகை இறங்கும். சாய்மானத்தை எந்தப் பக்கமும் திருப்பிப்போடலாம், முன்னாலோ பின்னாலோ பார்த்து உட்காருங்கள். சென்ட்ரல் பக்கம் 7-ஆம் துறை.

கூடைக்காரி:
அட்டையில் மீதி குறைந்திருந்தால் படகிலும் தட்டலாமா?

இஞ்சிடீ:
50 டாலர் முன்பணம் கட்டி வாங்கிய ஆக்டோபஸ் என்றால் தட்டலாம். மீதி கொஞ்சம் இருந்தாலும் அந்த ஒரு தடவை கழித்துக்கொள்ளும், 50 வரை கடனில் போகும். அடுத்த முறை வேலை செய்யாது, பணம் போட்டாக வேண்டும். எந்த எம்.டி.ஆர். நிலையத்திலும், செவன் இலெவன் கடையிலும் போடலாம்.