‘திருவல்லிக்கேணி வீடு’ குழுவில் சைக்கிள் பயணம்

வியாழன்

சித்தி: எல்லோருக்கும் ஒரு விஷயம். இந்தச் சனிக்கிழமை உங்கள் சாயங்கால வீடியோ கால் வேண்டாம், இரவு ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் போஸ்டன் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் பிராங்க்ளின் வழியாகப் பான்-மாஸ் சைக்கிள்காரர்கள் போகிறார்கள். இங்கே வந்திருக்கிற அப்பா, அம்மாவோடு காலை முழுக்க நாங்கள் தெருவில்தான் இருப்போம்.

மாமா: ரேஸா?

சித்தி: ரேஸ் இல்லை அண்ணா. யாரும் நேரம் குறிக்க மாட்டார்கள், பரிசும் கிடையாது. போஸ்டன் டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டுகிற பயணம். ஸ்டர்பிரிட்ஜில் விடிந்தும் விடியாமலும் கிளம்பி, எங்கள் ஊர் வழியாகப் போய், போர்ன் என்கிற இடத்தில் இரவு தங்குவார்கள். மறுநாள் பாலம் தாண்டி, கேப் காட் முனையில் இருக்கிற பிராவின்ஸ்டவுன் வரை.

அருண்: முதல் நாள் மட்டும் சுமார் 110 மைல்.

விக்கி: கிலோமீட்டரில் சொல்லுடா.

அருண்: 177.

விக்கி: பாரிஸ் கார்னரில் ஏறினால் விழுப்புரம் தாண்டிவிடும். ஒரே நாளிலா!

பாட்டி: யார் ஓட்டுவது? வயசுப் பையன்களா?

சித்தி: எல்லா வயதும் உண்டு அம்மா. மொத்தம் 6,000 பேருக்கு மேல். அத்தனை பேரும் எங்கள் பக்கம் வர மாட்டார்கள், வேறு ஊர்களிலிருந்து கிளம்புகிற வழிகளும் இருக்கின்றன. தினமும் நீங்கள் கைகாட்டுவீர்களே, எதிர்வீட்டுப் பாட்டி, அவர்கள்கூட இரண்டு வருஷம் முன்பு ஓட்டினார்கள்.

பாட்டி: அந்த நாய்க்காரம்மாவா?

சித்தி: அவர்களேதான்.

மாமா: எனக்கு ஒன்று புரியவில்லை. பணம் கொடுக்க வேண்டுமென்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே? எதற்கு இருநூறு மைல் மிதித்து, தெருவை அடைத்து, போலீஸை நிற்கவைத்து? படம் எடுத்துப் போட்டுக்கொள்ளத்தானே?

சித்தப்பா: தெருவை அடைக்க மாட்டார்கள் மச்சான். முக்கில் ஒரு போலீஸ்காரர் நின்று காரை நிறுத்தி விடுவார், அவ்வளவுதான். பணத்துக்கு வருகிறேன். இதில் சேருகிற ஒவ்வொருவரும் இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு நாள் வழிக்கு 5,000 டாலருக்கு மேல். திரட்ட முடியாவிட்டால் மிச்சத்தை அவர் கார்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அதனால் மார்ச் மாதத்திலிருந்தே பிடுங்கல் ஆரம்பம். எங்கள் ஆபீஸில் ஒருவர், இலக்கைத் தாண்டினால் மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்று அறிவித்தார். மொட்டை பார்க்கும் ஆசையில் எல்லோரும் கொடுத்துவிட்டோம்.

மாமா: அடித்துக்கொண்டாரா?

சித்தப்பா: அடித்துக்கொண்டார். தலை அவ்வளவு நன்றாக இல்லை.

அம்மா: நடத்துகிறவர்கள் அதில் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள்? நம் ஊர் நன்கொடைக் கதை தெரியாதா.

சித்தப்பா: ஓட்டுபவர்கள் திரட்டுவது நூற்றுக்கு நூறு ஆஸ்பத்திரிக்குப் போகிறது அண்ணி. பந்தல், சாப்பாடு, வண்டிச் செலவையெல்லாம் ஸ்பான்சரும் பதிவுக் கட்டணமும் பார்த்துக்கொள்ளும். 2024இல் மட்டும் 7.5 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆரம்பத்திலிருந்து கணக்குப் போட்டால் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

விக்கி: ரூபாயா, டாலரா?

சித்தப்பா: டாலர்.

அருண்: 1980இல் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரோடு ஆரம்பித்தது. அந்த வருஷம் 10,200 டாலர்தான் சேர்ந்தது. அவருடைய அம்மா 1974இல் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் வந்து இறந்துபோனார். அந்த நினைவாகத்தான்.

மாமா: நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மிதிப்பதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

பெரியம்மா: டேய், நீ வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறாயே, பஸ்ஸில் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தால் முருகன் வேண்டாம் என்பானா?

மாமா: அது வேண்டுதல் அக்கா.

பெரியம்மா: இவர்களுக்கு மட்டும் வேண்டுதல் இருக்கக்கூடாதா? நீ நடக்கிறாய் என்று தெரிந்துதானே நானும் உன் கையில் காணிக்கை கொடுத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் போகிறவனிடம் கொடுப்பேனா?

மாமா: சரி, சரி.

பாட்டி: பாதயாத்திரை என்றால் மோர்ப் பந்தல் போட வேண்டாமா? ஆகஸ்ட் வெயிலில் வருகிறார்கள். நான் நீர்மோர் கரைத்து வைக்கிறேன்.

சித்தி: அம்மா, ஓடுகிற சைக்கிளில் யாரும் டம்ளர் வாங்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனியாகத் தண்ணீர் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. எங்கள் ஊரிலேயே ஒன்று உண்டு. வாழைப்பழம், சாண்ட்விச், பஞ்சர் பார்க்க மெக்கானிக் என்று எல்லாம் அங்கே கிடைக்கும்.

பாட்டி: பழனிக்குப் போகிறவனுக்கு மட்டும் வழியில் கிடைக்காதா? இருந்தாலும் ஒட்டன்சத்திரத்தில் வீட்டுக்கு வீடு வைக்கிறார்கள்.

சித்தப்பா: வைக்கட்டும் சுதா. எதிர்வீட்டில் டேபிள் போடுகிறார்கள். அதில் ஓரமாக வைத்தால் தெருக்காரர்களாவது குடிப்பார்கள்.

பாட்டி: பச்சைமிளகாய் போடலாமா?

சித்தி: வேண்டவே வேண்டாம். இஞ்சி கொஞ்சம் போதும். கறிவேப்பிலையை அரைத்து வடிகட்டிவிடுங்கள். முழுசாக மிதந்தால் வாயில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று முழிப்பார்கள்.

வெள்ளி

தாத்தா: நேற்று நீங்கள் பேசியதையெல்லாம் படித்தேன். டானா-ஃபார்பர் என்று சொன்னீர்கள். ஃபார்பர் என்ற பெயரைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. இந்த ஆஸ்பத்திரிக்கும் நம் திருவல்லிக்கேணிக்கும் சம்பந்தம் உண்டு. டைப் செய்ய நேரமாகும், யாரும் குறுக்கே வர வேண்டாம்.

விக்கி: சரி தாத்தா.

தாத்தா: குறுக்கே வராதே என்றேன்.

தாத்தா: நான் படித்த இந்து உயர்நிலைப் பள்ளியில் எனக்கு ரொம்ப முன்னால் எல்லாப்ரகட சுப்பாராவ் என்று ஒருவர் படித்தார். ஆந்திராவில் பீமாவரத்துக்காரர், 1895இல் பிறந்தவர். மூன்றாவது தடவையில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னார் என்று கதர் கோட்டு போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார். வெள்ளைக்கார சர்ஜரி புரொபசருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். 1923இல் கப்பலேறிப் போஸ்டனுக்கு வந்தார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் பிரிகாம் ஆஸ்பத்திரியில் போர்ட்டர் வேலை. அந்த பிரிகாம் இப்போதும் டானா-ஃபார்பருக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. மாப்பிள்ளையோடு போனபோது நான் அந்த வாசலைத் தாண்டி நடந்திருக்கிறேன், அப்போது தோன்றவில்லை.

பெரியம்மா: மூன்றாவது தடவையா! விக்கி, படித்தாயா?

விக்கி: படித்தேன் அத்தை. சி.ஏ. இன்டருக்கு இதைவிட நல்ல சகுனம் இல்லை.

மாமா: அப்பா, நீங்கள் மேலே சொல்லுங்கள்.

தாத்தா: பிற்பாடு லெடர்லே என்கிற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சிக்குத் தலைவரானார். ஃபோலிக் ஆசிட் என்கிற வைட்டமினைச் செயற்கையாகச் செய்தது அவர் குழுதான். போஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர், லூகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகமெடுத்தது. சரி, அந்தச் சத்து செல்லுக்குப் போகவிடாமல் தடுத்தால் நோய் அடங்குமோ என்று யோசித்தார். ஃபோலிக் ஆசிட் போலவே உருவம் காட்டி ஏமாற்றுகிற ஒரு மருந்தைச் சுப்பாராவின் குழு செய்து அனுப்பியது. அமினோப்டெரின் என்று பெயர். 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் அடங்கியது. கொஞ்ச காலத்துக்குத்தான், திரும்பவும் வந்துவிட்டது. ஆனால் அதுவரை அப்படி நடந்ததே இல்லை. 1948 ஜூனில் கட்டுரை வெளியானது. அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். வயது 53. இன்று அமெரிக்காவில் அந்த நோய் வருகிற குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

அம்மா: இது ஒன்றுமே தெரியாது அப்பா.

தாத்தா: இன்னும் இருக்கிறது. பெரியவளே, உன் மூட்டுவாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறாயே, அந்த மாத்திரை பெயர் என்ன?

பெரியம்மா: மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு நாள்தான். மாறி தினமும் போட்டால் ஆபத்து என்று டாக்டர் அட்டையிலேயே வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். மற்ற நாளில் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை.

தாத்தா: அந்த மஞ்சள் மாத்திரை ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்ஸேட் அமினோப்டெரினின் தம்பி. இரண்டுமே அந்த லெடர்லே கூடத்தில் செய்தவை.

பெரியம்மா: அட! இத்தனை வருஷமாகப் போடுகிறேன். ஒன்று தடுக்கிறது, இன்னொன்று திருப்பிக் கொடுக்கிறதா?

தாத்தா: அதேதான். ஒன்று செய்கிற கெடுதலை மற்றது குறைக்கிறது.

மாமா: இவ்வளவு செய்தவருக்கு நோபல் கொடுக்கவில்லையா?

தாத்தா: கொடுக்கவில்லை. நம் பள்ளியில்கூட என் காலத்தில் ஒரு வாத்தியார்தான் அவரைப் பற்றிச் சொன்னார். பரீட்சையில் வராது என்று நாங்கள் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சனி

அருண்: [படம்] ஏழரைக்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே ஜெர்சி.

அம்மா: தாத்தா கையில் என்ன?

அருண்: எவர்சில்வர் தட்டு, கரண்டி. மற்றவர்கள் எல்லோரும் மாட்டுமணி வைத்திருக்கிறார்கள். தாத்தா பூஜை மணியை எடுக்கப் போனார், பாட்டி விடவில்லை.

பாட்டி: தெருவில் அடிக்கிற மணியா அது?

விக்கி: தட்டுச் சத்தம் வீடியோவில் கேட்கிறது. கிரகணம் பிடித்த மாதிரி இருக்கிறது.

சித்தி: கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சங்கிலிச் சத்தம் தவிர ஒன்றுமில்லாமல் நாற்பது ஐம்பது பேர் ஒரே சமயம் வளைவில் திரும்புவது நன்றாக இருக்கிறது. தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் எங்களைப் பார்த்து ‘தேங்க் யூ’ என்கிறார்கள். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. ‘நீதானே மிதிக்கிறாய், எனக்கு எதற்கு நன்றி’ என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சித்தப்பா: இதுவே கம்மி. அடுத்த ஊர் ரெந்தத்தில் செர்ரி தெரு என்று ஒன்று, அங்கே தேர்த்திருவிழா மாதிரி நிற்பார்கள்.

அருண்: [படம்] எங்கள் வீட்டு முன்னால் ஒருவருக்குப் பஞ்சர்.

மாமா: அப்பா விடமாட்டாரே.

அருண்: விடவில்லை. தண்ணீர்த் தொட்டி கொண்டு வரச் சொன்னார், ட்யூபை முக்கிப் பார்க்க. அந்த அங்கிள் அதெல்லாம் செய்யவில்லை. இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோலால் டயரைக் கழற்றி, பழைய ட்யூபை உருவிச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார். விரல் நீளத்துக்கு ஒரு கேஸ் குப்பியை வைத்து அழுத்தினார், புஸ் என்று ஒரே நொடியில் காற்று ஏறிவிட்டது. தாத்தா திரும்ப ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார்.

பாட்டி: அந்தப் பிள்ளை இரண்டு டம்ளர் மோர் குடித்தது. உப்பு இருப்பது நல்லதாம், இந்த வியர்வைக்கு.

பெரியம்மா: பார்த்தாயா, பந்தல் வீண்போகவில்லை.

அருண்: அப்புறம் தாத்தா சுப்பாராவ் கதையை ஆரம்பித்துவிட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். கதர் கோட்டுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வதென்று தெரியவில்லை, ‘காந்தி கோட்’ என்றேன். அவர் நேரமாகிறது என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். மெத்தோட்ரெக்ஸேட் என்றதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். அவர் மகளுக்குச் சின்ன வயதில் லூகேமியா வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் அதைச் சாப்பிட்டாளாம். மாத்திரையை ஆப்பிள் கூழில் பொடித்துப் போட்டுக் கொடுப்பார்களாம், அதனால் அவளுக்கு இப்போதும் ஆப்பிள் கூழ் பிடிக்காதாம்.

அம்மா: மகள் இப்போது?

அருண்: காலேஜில் இருக்கிறாள். இன்றைக்குப் போர்னில் அவருக்காகக் காத்திருக்கிறாள். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிப் போனில் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பின்னால் வந்த கூட்டம் ‘உன் டீம் எங்கேயோ போய்விட்டது’ என்று கத்தியது.

தாத்தா: நல்ல மனிதர். சென்னைக்கு வந்தால் பள்ளியைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பைகிராஃப்ட்ஸ் ரோடு பக்கம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, பாரதி சாலை என்று அருண் திருத்தினான்.

மாமா: மச்சானிடம் அந்த ஆபீஸ்காரருடைய நன்கொடை லிங்க்கைக் கேட்டு அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன், இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புவது பெரிய தொல்லை. அதனால் இங்கே அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போட்டுவிட்டேன்.

பெரியம்மா: மிதிக்காமலேயா?

மாமா: நடந்து போய்த்தான் கொடுத்தேன் அக்கா, பஸ் ஸ்டாப் வரைக்கும். ரசீது வந்துவிட்டது. அப்பா பெயரில் போட்டிருக்கிறேன்.

பாட்டி: மோர் கரைத்தது நான். என் பெயர் எங்கே?