வேஃபரின் ஃப்ளாட்டை அப்படியே நம்பியதால் வந்த வினை

அழுத்த சென்சாருக்காக 1 மி.மீ. சதுர மெம்பிரேன் (மெல்லிய சவ்வு) செய்துகொண்டிருந்தேன். 525 மைக்ரான் தடிமனுள்ள (100) சிலிக்கான் வேஃபர் (வட்டமான மெல்லிய தகடு; (100), (111) போன்ற எண்கள் படிகத்தின் தளங்களைக் குறிப்பவை), அரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் திறப்புள்ள நைட்ரைடு மாஸ்க், சிலிக்கானை அரிக்க 80 டிகிரியில் 30 சதவீத கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல். அரிப்பு நிமிடத்துக்குச் சுமார் 1 மைக்ரான்தான் இறங்கும் என்பதால் பகல் முழுக்க அதனோடு போய்விடும்.

குழியின் சுவர்கள் செங்குத்தாக இறங்காது, 54.7 டிகிரியில் சரியும். அந்தச் சுவர்கள்தான் (111) தளங்கள். அங்கே ஒவ்வொரு அணுவையும் மூன்று பிணைப்புகள் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கின்றன. (100) தளத்தில் இரண்டுதான். அதனால் (111) கரைவதே தெரியாது. சரிவைக் கணக்கில் சேர்த்து, மாஸ்க்கில் 1742 மைக்ரான் திறப்பு வைத்திருந்தேன்.

எடுத்து அளந்தால் மெம்பிரேன் கிட்டத்தட்ட 50 மைக்ரான் பெரிதாக இருந்தது. நைட்ரைடின் ஓரம் அடியில் சிலிக்கான் இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கரைசலின் செறிவைச் சந்தேகித்தேன், வெப்பநிலையைச் சந்தேகித்தேன். இரண்டு வேஃபர் அதற்கே போயிற்று.

காரணம் நான் மாஸ்க்கைப் பொருத்த நம்பிய ஃப்ளாட், அதாவது படிகத்தின் திசையைக் காட்ட வேஃபரின் ஓரத்தில் வெட்டியிருக்கும் நேர்விளிம்பு. அது <110> திசையைக் காட்டுகிறது என்றாலும், வெட்டும்போதே ஒரு டிகிரி வரை விலகியிருக்கலாம். மாஸ்க்கை வைத்ததில் என் பிழை வேறு. சதுரம் 2 டிகிரி திரும்பிவிட்டால், அதைச் சுற்றி படிகத் திசையில் வரையக்கூடிய சதுரம் சுமார் 60 மைக்ரான் பெரிது. நீண்ட நேரம் அரிக்க விட்டால் குழி அந்தப் பெரிய சதுரத்தை நோக்கித்தான் வளரும். வட்டத் திறப்பு வைத்தால்கூடக் கடைசியில் சதுரக் குழிதான் கிடைக்கும், அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது உண்மையிலேயே சிலிர்த்துப் போனேன்.

அப்புறம் முறையை மாற்றினேன். வேஃபரின் ஓரத்தில் 0.1 டிகிரி இடைவெளியில் விசிறி போல மெல்லிய கோடுகளை முதலில் அரித்துப் பார்ப்பேன். எந்தக் கோட்டின் ஓரத்தில் அடியரிப்பு (மாஸ்க்குக்கு அடியில் சிலிக்கான் கரைவது) மிகக் குறைவோ, அதுதான் உண்மையான <110>. முதன்மை மாஸ்க்கை அதோடுதான் பொருத்துகிறேன். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிறது, ஆனால் அளவு தவறுவதில்லை.

இப்போது மேடை போன்ற அமைப்புகளில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வெளிப்பக்கம் துருத்தும் மூலைகளை (111) தளம் காப்பாற்றுவதில்லை, வேகமாகக் கரைந்து மழுங்கிவிடுகின்றன. மாஸ்க்கின் மூலையில் கூடுதல் சதுரம் சேர்த்து ஈடுகட்டியவர்கள் அதன் அளவை எப்படி முடிவு செய்தீர்கள்?