அந்த 50 எங்கிருந்து வந்தது?

நெல்லைக்காரன்: காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சித்தப்பா, "கடவுள் இருக்க 67 சதவீதம் வாய்ப்பு, இயற்பியலாளரே நிரூபித்துவிட்டார்" என்று போட்டு, கீழே ஐந்து கும்பிடு. ஸ்டீபன் அன்வின் 2003ல் போட்ட கணக்கு அது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆகவே 50 என்று தொடங்குகிறார். எனக்கு நாளைக்குக் கேரள லாட்டரி விழலாம், விழாமலும் போகலாம். அதுவும் 50ஆ?

கணக்குவாத்தி: 22 வருடம் பிளஸ் டூவுக்கு நிகழ்தகவு நடத்தியவன் சொல்கிறேன், முதலில் கணக்கைப் படியுங்கள். கடவுள் இல்லாவிட்டால் நடப்பதைவிட இருந்தால் நடக்க எத்தனை மடங்கு வாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைக்கிறார்: மனிதனுக்கு நல்லது கெட்டது தெரிவதற்கு 10, மனிதன் செய்யும் கொடுமைக்கு 0.5, நோய், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு 0.1, வேண்டுதல் பலிப்பது மாதிரி அற்புதங்களுக்கு 2, இயற்கையையே மீறும் அற்புதங்களுக்கு 1, பக்தி அனுபவத்துக்கு 2. எல்லாம் பெருக்கினால் 2. ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தது இரண்டுக்கு ஒன்று ஆகிறது, அதுதான் 67. புது ஆதாரம் வரவர வாய்ப்பைத் திருத்துகிற பேய்ஸ் தேற்றப்படி ஒரு பிழை கிடையாது. லாட்டரியில் எத்தனை சீட்டு என்று தெரியும், இங்கே எதுவுமே தெரியாது. தெரியாத இடத்தில் 50 வைப்பதுதான் நேர்மை.

நெல்லைக்காரன்: பெருக்கலை யார் குறை சொன்னது? 50க்குப் பதில் 1 வைத்துப் பெருக்குங்கள், 2 சதவீதம்கூட முழுதாக வராது. வைத்ததுதான் திரும்பி வருகிறது. அப்புறம் "எதுவுமே தெரியாது" என்றால் எந்தக் கடவுள் என்பதும் தெரியாதுதானே? சிவன், பெருமாள், அல்லா, கர்த்தர், எங்கள் ஊர் சுடலைமாடன், யாருமில்லை. ஆறுக்கும் சமமாகப் பிரித்தால் யாருமில்லை என்பதற்கு ஆறில் ஒன்றுதான். நாத்திகன் நானே 83 தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

முருகனடிமை: 83 என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. வெற்றிவேல்! பட்டியலில் முருகனை விட்டதுதான் வருத்தம்.

நெல்லைக்காரன்: ஐயா, அது கிண்டல்.

கணக்குவாத்தி: பட்டியல் போட்டு விளையாடுவது நிகழ்தகவு ஆகாது. இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1710லேயே ஆர்பத்நாட், இங்கிலாந்து ராணியின் மருத்துவர், லண்டன் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்து, தொடர்ந்து 82 வருடமும் ஆண் குழந்தைதான் அதிகம், தற்செயல் என்றால் இரண்டை 82 முறை பெருக்கி அதில் ஒரு பங்குதான் வாய்ப்பு, ஆகவே தெய்வச் செயல் என்று எழுதினார். சும்மா உட்கார்ந்து எழுதியதா அது?

நெல்லைக்காரன்: நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். தற்செயல் என்றால் 50தான் என்று அவருக்கு யார் சொன்னது? 35 முகமுள்ள பகடை, 18ல் ஆண், 17ல் பெண், அதை உருட்டினால் அந்தப் பதிவுகள் சாதாரணமாகவே வரும் என்று கணித அறிஞர் நிக்கோலஸ் பெர்னூலி அப்போதே பதில் சொல்லிவிட்டார். அங்கேயும் அதே 50!

கணக்குவாத்தி: அந்தப் பகடையை 18க்கு 17 என்று செதுக்கியது யார்?

பாட்டிவீட்டுப்பேரன்: இரண்டு தாயக்கட்டை உருட்டினால் 16ல் 2 முறைதான் தாயம். விழும், விழாது, ஆகவே 50 என்று வாத்தியார் என் பாட்டியிடம் சொல்லிப் பார்க்கட்டும், காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

சோழிமுத்து: கட்டையா? எங்கள் பக்கம் சோழிதான். கட்டையில் ஆடுவதெல்லாம் தாயமே இல்லை.

பாட்டிவீட்டுப்பேரன்: சோழியைக் கையில் மறைத்துத் திருப்புகிறவர்கள் பேசக்கூடாது.

கணக்குவாத்தி: தாயத்துக்கு வேறு திரி தொடங்குங்கள். தாயக்கட்டைக்கு எத்தனை முகம் என்று எண்ணிப் பார்க்கலாம், கடவுளை எண்ணிப் பார்க்க முடியுமா? அதனால்தான் 50. மூன்றாவது முறை சொல்கிறேன், 50. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூட இதற்குள் புரிந்திருக்கும். நெல்லைக்காரரே, போன வருடம் ஜாதகப் பொருத்தம் திரியில் என்னை "டியூஷன் வாத்தி" என்றவர் நீங்கள்தானே? மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.

நெல்லைக்காரன்: பத்துப் பொருத்தத்தில் ஏழு பொருந்தினால் 70 சதவீதம் நல்ல வாழ்க்கை என்று அங்கே கணக்குப் போட்டவரை வேறு என்ன சொல்வதாம்?

கணக்குவாத்தி: அது உதாரணத்துக்குச் சொன்னது. அதை வெட்டி ஒட்டிப் பரப்பியதும் நீங்கள்தான். இருக்கட்டும், 50க்குப் பதில் எவ்வளவு வைக்கவேண்டும், ஒரே ஒரு எண் சொல்லுங்கள்.

நெல்லைக்காரன்: எண்ணே வைக்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து கத்துகிறேன்.

கணக்குவாத்தி: எண் தெரியாது என்கிறீர்கள். தெரியாவிட்டால் 50.

முருகனடிமை: அந்த 83 அப்படியேதான் இருக்கிறதா, வாபஸா?