நீர் பிரியும் மாத்திரையும் வாசலை விட்டு நகர முடியாத வேலையும்

ஒன்பது வருஷமாக மருந்து கொடுக்கும் கவுன்ட்டரில் இருக்கிறேன். போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க வந்த வாட்ச்மேன் ஒருவர் பழைய அட்டைகளையும் எடுத்து வைத்தார். ஒன்று காலி, இன்னொன்றில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. "மறந்துட்டீங்களாய்யா?" என்று கேட்டேன். "அது நீர் பிரியிற மாத்திரைங்க, போட்டா அடிக்கடி போகணும். கேட்டை விட்டு நகர்ந்தா ஆளில்லைன்னு எழுதிடுவாங்க. லீவு நாள்ல மட்டும் போட்டுக்கிறேன்" என்றார். சீட்டில் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று இருந்தது, திட்டும் வாங்கியிருப்பார் போல. டாக்டரிடம் இதைச் சொல்லலாமே என்றால், "இதையெல்லாம் எப்படிங்க சொல்றது" என்று சிரிக்கிறார். நானே போய்ச் சொன்னேன், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

*

மருந்துக் கவுன்ட்டரில் இருப்பவர் மேலே எழுதியதைப் படித்ததும் எனக்கு வொயிட்ஹால் ஆய்வுதான் ஞாபகம் வந்தது. 1967-ல் பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கியது. எல்லோருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். அப்படியிருந்தும் இதயநோயால் இறந்தவர்களின் விகிதம் மேல்மட்ட அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் 3 மடங்குக்கும் மேல். சிகரெட், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இடைவெளி முழுசாக மூடவில்லை. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் குழு 1985-ல் ஆரம்பித்த இரண்டாவது ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது தெரிந்தது. பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன் என்று எங்கள் ஆபீஸில் இன்னமும் சொல்கிறார்கள்!

*

மேலே இருவர் எழுதியதைப் படித்தேன், என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கிற வேலை. பாத்ரூம் போக சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும், அதுவும் ஓர் ஆண், ரெண்டாவது தடவை கேட்கக் கூச்சம், அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். ஒரே வருஷத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று. ஒவ்வொரு தடவையும் "நிறைய தண்ணி குடிங்கம்மா" என்றுதான் அனுப்பினார்கள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அப்புறம் எனக்கே சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. இப்போது நினைத்தால் எழுந்து போகலாம், ரெண்டு வருஷமாகத் தொற்று எட்டிப் பார்க்கவில்லை. என் பழைய இடத்தில் நிற்கிற பெண்ணிடம், கேட்காமலே போய்விட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். இருந்தும் மதியம் வரை அவள் பாட்டிலைத் திறப்பதில்லை.